மால்கானாவின் சாவி யாரிடம் இருக்கிறது?

தில்லியின் கரோல் பாக் பகுதி முதன்மையாக மூன்று காரணங்களுக்காக அறியப்படுகிறது: தங்கம், கைப்பேசி, போட்டித் தேர்வு. பாங்க் ஸ்ட்ரீட்டில் நகைக் கடைகள். கஃபார் மார்க்கெட்டில் புதியதும் பழையதுமான கைப்பேசிகள். ராஜேந்திர நகர் வரை நீளும் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து அறை எடுத்துப் படிக்கும் மாணவர் பலருக்கு இந்தத் தெருக்கள் பழக்கமானவை. இங்கே களவு போன ஒரு சங்கிலியோ கைப்பேசியோ மீட்கப்பட்டால், அது உடனே உரியவர் கைக்கு வந்துவிடாது. அந்த நொடியிலிருந்து அது வழக்குச் சொத்து. நீதிமன்றம் ஆணையிடும் வரை காவல் நிலையத்தின் ஓர் அறையில் அது அடைபட்டுக் கிடக்கும். அந்த அறைக்கு வட இந்தியக் காவல்துறை வழங்கும் பெயர் மால்கானா. பொருளைக் குறிக்கும் ‘மால்’ என்னும் அரபுச் சொல்லும், இல்லத்தைக் குறிக்கும் ‘கானா’ என்னும் பாரசீகச் சொல்லும் சேர்ந்தது அது. ‘திருட்டு மால்’ என்று நம் ஊர்க் காவல் நிலையங்களில் புழங்குவதும் அதே ‘மால்’தான்.

குற்றவியல் நீதி குறித்து நாம் நிறைய விவாதிக்கிறோம். சட்டப் பிரிவுகள், பிணை, மரண தண்டனை, காவல் மரணம் ஆகியவை பற்றி ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. கைப்பற்றிய பொருள், தீர்ப்பு வரும் நாள்வரை எங்கே, யாருடைய பொறுப்பில், எந்த நிலையில் இருந்தது என்னும் கேள்வி அந்த விவாதங்களில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. 2008 செப்டம்பர் 13 அன்று மாலை தில்லியில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுள் ஒன்று கஃபார் மார்க்கெட்டில் வெடித்தது. அன்று நகரெங்கும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 15 ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்வழக்கின் விசாரணை முடியவில்லை. விசாரணை இவ்வளவு நீளும் நாட்டில், சான்றுப் பொருளும் அவ்வளவு காலம் சிதையாமல், மாறாமல், தொலையாமல் இருந்தாக வேண்டும். சாட்சியின் நினைவு மங்கலாம். அதைச் சரிபார்க்கத்தான் பொருள் இருக்கிறது. பொருளே மங்கிவிட்டால் எதைக் கொண்டு எதைச் சரிபார்ப்பது?

இப்பதிவில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். சான்றுப் பொருள்கள் கெடுவதற்கும் காணாமல் போவதற்கும் இடப் பற்றாக்குறை, எலி, மழை, தீ என்று சொல்லப்படும் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை இரண்டாம் நிலைக் காரணங்கள். பொருளைக் காக்கும் சுமை துறையின் கீழ்ப்படியில் இருப்பவர் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது. அது காக்கப்பட்டதா என்று கேட்கும் அதிகாரமோ அதே துறையின் மேற்படியில் இருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது. இந்த அமைப்புதான் முதற்காரணம். பிழை நேரும்போது பழி கீழே இறங்குகிறது. பொறுப்பு மேலே ஏறுவதில்லை. கரோல் பாக் காவல் நிலையத்தின் மீது குறை சொல்வது இதன் நோக்கமன்று. நாட்டின் எந்தக் காவல் நிலையத்துக்கும் இது பொருந்தும்.

முதலில், அந்த அறை எவ்வாறு இயங்க வேண்டும் என்று பார்ப்போம். தில்லிக் காவல்துறை இன்றும் 1934-ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகளைப் பின்பற்றுகிறது. அவ்விதிகளின்படி காவல் நிலையத்தில் பேணப்படும் பதிவேடுகளுள் 19-ஆம் எண் பதிவேடு மால்கானாவுக்கு உரியது. கைப்பற்றிய பொருள் துணியில் பொதிந்து, அரக்கு முத்திரையிட்டு, வழக்கு எண் எழுதி அறைக்குள் வரும்போது அதில் பதிவு செய்யப்படும். தடய அறிவியல் ஆய்வுக்காக ரோகிணியில் உள்ள ஆய்வகத்துக்குச் செல்லும்போது, 21-ஆம் எண் பதிவேட்டிலிருந்து ஒரு வழிச் சான்றிதழ் கிழித்துக் கொடுக்கப்படும். எடுத்துச் செல்பவர் கையெழுத்திட வேண்டும். ஆய்வகத்தில் பெறுபவர், முத்திரை சிதையாமல் இருந்ததைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இப்பணி முழுவதையும் பார்ப்பவர் ‘மொஹரிர்’ எனப்படும் தலைமைக் காவலர். விசாரணை நாளில் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதிவேட்டைக் காட்டுபவரும் அவரே.

பார்ப்பதற்கு இது வெறும் எழுத்தர் வேலைபோல் தோன்றும். ஆனால் இதன் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு கேள்விக்கான விடை. கைப்பற்றியது இதுதானா? ஆய்வுக்குச் சென்றது இதுதானா? நீதிபதியின் மேசைமீது இருப்பது இதுதானா? முத்திரையிட்ட பின் அந்த முத்திரை அச்சைத் தனிப்பட்ட சாட்சி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நடைமுறைக்கும் இதுவே காரணம். அச்சும் பொட்டலமும் ஒரே துறையின் கையில் இருந்தால், பிரித்து மீண்டும் முத்திரையிடுவதைத் தடுக்க எதுவும் இல்லை. நடைமுறையில் அந்த அச்சு பல வழக்குகளில் இன்னொரு காவலரிடமே கொடுக்கப்படுகிறது. ‘செயின் ஆஃப் கஸ்டடி’ என்று சட்ட வகுப்பில் படிக்கும் கைமாற்றுத் தொடர், ஒரே அறைக்குள் சுற்றும் வட்டமாகச் சுருங்கிவிடுவது இப்படித்தான்.

இனி, நடந்தவற்றைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் வடக்குத் தில்லியின் வஜீராபாத்தில் காவல் பயிற்சிப் பள்ளி வளாகத்தில், வழக்குகளில் கைப்பற்றி நிறுத்தப்பட்டிருந்த சுமார் 450 வாகனங்கள் தீக்கிரையாயின. 2025 மே இறுதியில், தில்லிக் காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்கு உரிய லோதி காலனி மால்கானாவிலிருந்து சுமார் 50 லட்சம் ரூபாய் ரொக்கமும் நகைகளும் திருடப்பட்டதாக வழக்குப் பதிவானது. முன்பு அதே மால்கானாவில் பணியாற்றி, பின்னர் மாற்றலாகியிருந்த தலைமைக் காவலர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் பணிமாற்றம் பெற்ற ஒருவர் அந்த அறைக்குள் நுழைய முடிந்தது என்றால், அது அவரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. சாவி கைமாறிய நாளில் யார் யாரிடம் எதை எண்ணி ஒப்படைத்தார் என்பதும் கேட்கப்பட வேண்டும். பயங்கரவாத வழக்குகளைப் புலனாயும் பிரிவின் அறைக்கே இந்நிலை எனில், சாதாரணக் காவல் நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து எலிகள். 2022 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மதுரா மாவட்டத்தில், இரண்டு காவல் நிலையங்களில் வைத்திருந்த 500 கிலோவுக்கும் மேற்பட்ட கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாகப் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆதாரம் காட்டுமாறு நீதிமன்றம் கேட்டது. பின்னர் காவல் அதிகாரி ஒருவர் ஊடகங்களிடம், மழையும் வெள்ளமும் பொருளைக் கெடுத்தன என்றார். ஒரே பொருளுக்கு இரண்டு காரணங்கள். சென்னையும் விலக்கன்று. 2020 நவம்பரில் மெரினா காவல்துறையினர் 22 கிலோ கஞ்சாவுடன் இருவரைக் கைது செய்ததாக வழக்குத் தொடர்ந்தனர். ஆய்வகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சில கிராம் மாதிரிகள் மட்டுமே வந்தன. எஞ்சியதை எலிகள் தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டது. 2023 ஜூலையில் இருவரும் விடுவிக்கப்பட்டனர்.

இந்தச் செய்தியைப் படித்துச் சிரித்துவிட்டுக் கடந்தோம். சற்று நின்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். சட்டப்படி கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டுச் சிறை. பிணை கிடைப்பது மிக அரிது. ஆகவே 22 கிலோ என்பது வெறும் எடையன்று. அதுவே குற்றச்சாட்டின் கனம். அந்த எடை உண்மையாக இருந்து, பொருள் காணாமல் போயிருந்தால், வணிக அளவில் கடத்தியவர்கள் தப்பிவிட்டார்கள். அந்த எடை தொடக்கத்திலிருந்தே இல்லை என்றால், குற்றமற்றோ சிறு குற்றம் செய்தோ இருந்த இருவர் பெருங்குற்றத்துக்காக வழக்கைச் சுமந்தார்கள். இரண்டில் எது உண்மை என்று இனி யாராலும் சொல்ல இயலாது. சான்றைத் தொலைப்பதன் உண்மையான விளைவு இதுதான்: உண்மையை அறியும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

எலிகளைத் தடுக்க வழியே இல்லையா என்றால், சட்டம் அதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 1989-இல் 52ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கைப்பற்றிய பொருளைப் பட்டியலிட்டு, ஒளிப்படம் எடுத்து, மாதிரி பிரித்து, குற்றவியல் நடுவரின் சான்றொப்பத்தைப் பெற்றுவிட்டால், மூட்டைகளை விசாரணைக்கு முன்பே அழித்துவிடலாம். நடுவர் சான்றளித்த பட்டியலும் படங்களும் மாதிரியுமே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படும். இப்பிரிவு ஏட்டளவில் நின்றுவிட்டதைக் கண்டு, 2016 ஜனவரியில் ‘இந்திய ஒன்றியம் எதிர் மோகன்லால்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான ஆணைகள் பிறப்பித்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தனி விதிகளையும் அறிவித்தது. எனவே ‘எலி தின்றது’ என்று நீதிமன்றத்தில் சொல்லப்படும்போது நாம் கேட்க வேண்டியது எலியைப் பற்றியன்று. 52ஏ பிரிவின்படி நடுவரிடம் விண்ணப்பிக்க வேண்டிய அதிகாரி எந்த நாளில் விண்ணப்பித்தார்? விண்ணப்பிக்கவில்லை எனில் அவரை அவருடைய மேலதிகாரி எந்த நாளில் கேட்டார்?

அர்ஜென்டினாவில் இதே கதை வேறு முடிவைக் கண்டது. புவனோஸ் ஐரிஸ் நகருக்கு அருகிலுள்ள பிலார் என்னும் ஊரின் காவல் கிடங்கில் 540 கிலோ கஞ்சா குறைந்திருந்தது 2018-இல் செய்தியாயிற்று. எலிகள் தின்றுவிட்டன என்று அதிகாரிகள் சொன்னார்கள். எலிகள் அதை உணவென்று மயங்கா. அவ்வளவையும் தின்றிருந்தால் கிடங்கில் செத்த எலிகள் ஏராளமாகக் கிடந்திருக்கும் என்று பல்கலைக்கழக வல்லுநர்கள் சொன்னார்கள். காவலர் எட்டுப் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இந்தக் குறைபாடு வெளிப்பட்ட விதம் முக்கியமானது. பொறுப்பிலிருந்து விலகிய அதிகாரி இருப்புப் பட்டியலில் கையெழுத்திடாமல் சென்றிருந்தார். அடுத்து வந்தவர் அதைக் கவனித்து, தாமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாமல், உள்விசாரணைப் பிரிவுக்குத் தெரிவித்தார். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுப்பேற்கும்போது எண்ணிப் பார்ப்பது என்னும் மிகச் சாதாரணமான செயல் நடந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் சான்றறைக் கஞ்சாவை எலிகள் தின்பதாக 2024 மார்ச்சில் செய்தி வந்தது. அதைச் சொன்னவர் நகரக் காவல்துறையின் தலைவர். சொன்ன இடம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் குழு. தலைமையே வெளிப்படையாகக் குறையைச் சொல்லித் தீர்வு கேட்பதற்கும், குற்றவாளிக் கூண்டில் ஒருவர் நிற்கும்போது கீழ்நிலை அலுவலர் எலியைச் சாட்சிக்கு அழைப்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள்.

பழி எவ்வாறு கீழே இறங்குகிறது என்பதற்கு ஆக்ரா ஓர் ஆறாத சான்று. 2021 அக்டோபரில் அந்நகரின் ஜகதீஷ்புரா காவல் நிலைய மால்கானாவிலிருந்து 25 லட்சம் ரூபாய் திருடு போனது. நிலைய அதிகாரி உள்ளிட்ட காவலர் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஐயம், அந்நிலையத்தைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த தலித் தொழிலாளி ஒருவர்மீது விழுந்தது. பிடித்துச் செல்லப்பட்ட அவர் காவலில் இருந்தபோதே இறந்தார். பூட்டும் சாவியும் பதிவேடும் காவலும் யாரிடம் இருந்தனவோ அவர்களுக்குக் கிடைத்தது துறை நடவடிக்கை. துடைப்பம் யாரிடம் இருந்ததோ அவருக்குப் போனது உயிர். அவர் திருடினாரா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். காவல் நிலையத்தின் மிகப் பாதுகாப்பான அறையிலிருந்து பணம் போகும் அளவுக்குத் தளர்ச்சி இருந்தது என்றால், அந்தத் தளர்ச்சிக்கு அவர் பொறுப்பாளியாக இருந்திருக்க முடியாது.

காவலரே கைவைத்ததாகச் சொல்லப்பட்ட வழக்குகளும் நீதிமன்றத்துக்குப் புதியவை அல்ல. 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் அரசு’ வழக்கு, இன்று சட்ட மாணவர் அனைவரும் படிப்பது. கைப்பற்றிய பொருள்களை மாற்றிப் போலிகளை வைத்தனர், பணத்தைக் கையாடினர், பொருள்களை அனுமதியின்றி ஏலம் விட்டனர், ஆவணங்களைத் திருத்தினர் என்று காவல்துறையினர்மீதே எழுந்த குற்றச்சாட்டுதான் அவ்வழக்கின் பின்னணி. பொருள்களை நெடுங்காலம் காவல் நிலையத்தில் வைக்காதீர்கள். விரிவான பட்டியலும் படமும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் விரைந்து ஒப்படையுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றமும் 2014-இல் மஞ்சித் சிங் வழக்கில் இதையே விரித்து வழிமுறை வகுத்தது. ஆயினும் ‘சூப்பர்தாரி’ எனப்படும் இடைக்கால ஒப்படைப்புக்காக, பொருளைப் பறிகொடுத்தவரே வழக்குரைஞரை அமர்த்தி விண்ணப்பித்து அலைய வேண்டியிருக்கிறது. கைப்பேசியைத் தொலைத்த மாணவர் அது மீண்டதை விட்டுவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்கிறார். மீட்டவர் மறக்கிறார், இழந்தவர் கைவிடுகிறார், பொருள் மட்டும் அறையில் தூசி படிந்து மிஞ்சுகிறது. மால்கானாக்கள் நிரம்பி வழிவதற்கு இவ்வாறு கைவிடப்பட்ட பொருள்களும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் நடைமுறை சற்று வேறு. மகஜர் எழுதிக் கைப்பற்றிய பொருளைப் படிவம் 95 வழியாக நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே சொத்துப் பதிவேட்டில் எண் பெறுவது வழக்கம். கோட்பாட்டளவில் இது மேலான முறை. பொருளைத் தேடிக் கண்டவரும் அதைக் காப்பவரும் ஒருவராக இருக்கலாகாது என்னும் நெறி இதில் ஓரளவு நிறைவேறுகிறது. ஆனால் நம் கைகளும் தூயவை அல்ல. சிலைத் திருட்டு வழக்குகளில் 41 கோப்புகள் காணாமல் போனது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிலையைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய துறையிடம், சிலை தொலைந்ததைச் சொல்லும் தாளே தொலைந்து போயிற்று.

இந்த அலட்சியம் உயிரின் விளிம்புவரை செல்லக்கூடியது. 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் இளம் இணையர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கின் முக்கியத் தூண்களுள் ஒன்றாக இருந்தது டிஎன்ஏ சான்று. மாதிரிகள் எடுத்ததிலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எவ்வாறு இருந்தன என்பது நிறுவப்படவில்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. கலப்பு நேர்ந்திருக்கும் வாய்ப்பை விலக்க முடியவில்லை. அறிவியல் பொய் சொல்லவில்லை. அறிவியலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது எது என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்க ஒரு கணம் போதும் என்பதும், அந்தக் கணம் தண்டனை நிறைவேறிய பிறகே வந்தது என்பதும் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டிய செய்தியன்று. சுருளி வழக்கில் அந்தக் கணம் தூக்குக்கு முன் வந்தது. ஆயினும் இழப்பு இழப்புதான். மரண தண்டனையின் நிழலில் ஒருவர் கழித்த ஆண்டுகள் திரும்பா. கொல்லப்பட்ட இருவரின் பெற்றோருக்கு, தம் பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்னும் கேள்விக்கு இனி விடை கிடைக்குமா என்பதும் ஐயமே. சான்றறையின் பிழையை ‘குற்றவாளிக்குச் சாதகம்’ என்று மட்டும் பார்ப்பவர்களும், ‘அப்பாவிக்கு ஆபத்து’ என்று மட்டும் பார்ப்பவர்களும் பாதியையே பார்க்கிறார்கள்.

அத்தீர்ப்பு நாடு முழுமைக்குமான ஆணைகளைப் பிறப்பித்தது. டிஎன்ஏ மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது. எடுத்த நாள் முதல் இறுதித் தீர்ப்புவரை கைமாற்றுப் பதிவேடு ஒன்று பேணப்பட்டு வழக்குக் கட்டுடன் இணைக்கப்பட வேண்டும்; தவறினால் புலனாய்வு அதிகாரி விளக்கம் அளிக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கவனியுங்கள்: இங்கும் விளக்கம் கேட்கப்படுவது புலனாய்வு அதிகாரியிடம். அறையைக் கட்டாத துறையிடமும், ஆய்வு செய்யாமல் ‘ஆய்வு செய்தேன்’ என்று எழுதிய மேலதிகாரியிடமும் அன்று.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. 2008-இல் நூர் ஆகா வழக்கில், கைப்பற்றிய பொருளை முன்னிலைப்படுத்தாததை உச்ச நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டது. 2019-இல் ராஜஸ்தானின் சாஹி ராம் வழக்கில், கைப்பற்றல் வேறு வகையில் ஐயமின்றி நிறுவப்பட்டால் மூட்டைகள் அனைத்தையும் கொண்டுவராதது மட்டுமே விடுதலைக்குக் காரணமாகாது என்றது. இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. இவ்விரண்டின் இடைவெளியில் காவல்துறை கற்றுக்கொள்ளும் பாடம்தான் கவலை தருகிறது. பொருள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழக்கு சில வேளை தப்பிவிடும். தப்பாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே போவார், நமக்கு ஒன்றும் நேராது. சான்று தொலைந்ததற்கான விலையை வழக்கு கொடுக்கிறது, பாதிக்கப்பட்டவர் கொடுக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவரும் கொடுக்கிறார். தொலைத்த துறை கொடுப்பதில்லை.

மறுதரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மொஹரிராக இருக்கும் தலைமைக் காவலருக்குத் தனிப் பயிற்சி பெரும்பாலும் இல்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய கத்தியும் நேற்றைய கைப்பேசியும் ஒரே அலமாரியில். பணிமாற்றம் வந்தால், ஆயிரக்கணக்கான பொருள்களை எண்ணி ஒப்படைக்காமல் அவரால் நகர முடியாது. எண்ணுவதற்கோ நாள் ஒதுக்கப்படுவதில்லை. நீதிமன்ற ஆணை வராமல் எதையும் கழிக்கவும் முடியாது. புதிய சட்டங்கள் சுமையைக் கூட்டியிருக்கின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. 176-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநரை நிகழ்விடத்துக்கு அழைக்கச் சொல்கிறது. மேலான புலனாய்வு என்பது மிகுதியான சான்று. மிகுதியான சான்று என்பது மிகுதியான பொட்டலம். அவற்றை வைக்கும் அறை மட்டும் பழையது. இந்த நிலையில் மொஹரிரை மட்டும் தண்டிப்பது அநீதி என்பதே என் வாதமும்.

அதே சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பொருளின் விவரப் பட்டியலை 14 நாளுக்குள் தயாரித்து, படமெடுத்து, அடுத்த 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 14 நாள் கணக்குத் தொடங்குவது, பொருள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து. பொருளை நேரே மால்கானாவுக்குக் கொண்டுசென்று, சாட்சி விசாரணை நாளன்று மட்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் நடைமுறை தொடருமானால், கடிகாரம் ஓடத் தொடங்கவே ஆண்டுகள் ஆகும். ‘இ-மால்கானா’ என்னும் பெயரில் பல மாநிலங்களில் அறிமுகமாகிவரும் பார்கோடு, க்யூஆர் முறைகளுக்கும் இதே எல்லை உண்டு. குறியீடு பொட்டலத்தின்மீது இருக்கிறது. பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்பதை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணாமல் கையெழுத்திடும் பழக்கத்தைக் கணினிக்கு மாற்றினால், எண்ணாமல் பொத்தானை அழுத்தும் பழக்கம் பிறக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை என நான் கருதுபவை நான்கு. முதலாவது, மால்கானாவைப் புலனாய்விலிருந்து பிரிப்பது. மாவட்ட அளவில், நிலைய அதிகாரிக்குக் கட்டுப்படாத, பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்ட சான்றகம் ஒன்று வேண்டும். இரண்டாவது, நிலைய அதிகாரியும் மேற்பார்வை அதிகாரியும் பணி மாறும்போது, சான்றிருப்பை எண்ணிச் சரிபார்த்த அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பு கைமாற வேண்டும். பிலாரில் உண்மையை வெளிக்கொணர்ந்தது இந்தச் சிறு கேள்விதான். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கை. மாவட்ட நீதித்துறையின் மேற்பார்வையில் அது நடந்து, எத்தனை பொருள் வந்தது, எத்தனை கழிந்தது, எத்தனை காணவில்லை என்னும் எண்ணிக்கை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தானாக முன்வந்து வெளியிடச் சொல்லும் உணர்வுக்கு இது முற்றிலும் இசைவானது.

நான்காவது புதியதன்று, ஏற்கெனவே ஆணையாக இருப்பது. 2014 ஜனவரியில் ‘குஜராத் அரசு எதிர் கிஷன்பாய்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய மாநிலங்கள் நிலைக்குழு அமைக்க வேண்டும். எங்கே பிழை நேர்ந்தது என்று குறிக்க வேண்டும். பொறுப்பான அதிகாரிகள்மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை உயிருடன் இருந்தால், சான்று கெட்டதால் வந்த ஒவ்வொரு விடுதலையும் ஒரு பெயரில் போய் முடிய வேண்டும். அந்தப் பெயர் மொஹரிருடையதாக மட்டும் இருக்கக் கூடாது; அவரை ஆய்வு செய்யவேண்டிய அதிகாரியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இங்கேதான் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. விடுதலைத் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் பொருள் முன்னிலைப்படுத்தப்படாதது, முத்திரை சிதைந்தது, பதிவேட்டுப் பதிவு பொருந்தாதது ஆகிய காரணங்களால் முடிந்தவை எத்தனை என்று ஒரு மாவட்டத்துக்கேனும் எண்ணலாம். அதே மாவட்டத்தின் நிலைக்குழு அவ்வழக்குகளில் என்ன எழுதியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்தாலே ஓர் ஆய்வேட்டுக்கு வேண்டியது இருக்கும். சட்டத் துறையினர் மட்டும் செய்ய வேண்டியதும் அன்று. ஆவணவியல், பொது நிருவாகம், சமூகவியல் ஆகிய துறைகளுக்கும் இதில் இடம் உண்டு. நூலகத்தில் சுவடி கெடாமல் காக்கும் அறிவு, சான்றறையில் சட்டையின் குருதிக்கறை கெடாமல் காக்கவும் உதவும்.

கரோல் பாக்கிலும் ராஜேந்திர நகரிலும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுள் சிலர் நாளை மாவட்டக் காவல் கண்காணிப்பாளராவார்கள். நேர்மை பற்றிய தாளுக்கு அவர்கள் நல்ல விடைகள் எழுதிப் பழகுகிறார்கள். பணியில் சேர்ந்த சில மாதங்களில் ஏதோ ஒரு காவல் நிலையத்தில் 19-ஆம் எண் பதிவேடு அவர்கள் முன் நீட்டப்படும். கடைசிப் பதிவின்கீழ் ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். அதற்கு முன் சாவியை வாங்கி, அறையைத் திறந்து, பத்துப் பொட்டலங்களையாவது பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகல் ஆகும். அந்த ஒரு பகலைச் செலவிடுவதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் விதியாக்குவதே இப்போது நாம் கேட்க வேண்டியது.